வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவைத் திறந்தால் வளரும் நாட்டின் காற்றும் நீரும் காடும் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: நல்லதா, கெட்டதா?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில், நகரத்துக் காற்று சுத்தமாகியிருக்கும். கடலோர அலையாத்திக் காடு காணாமல் போயிருக்கும். இரண்டுக்கும் ஏற்றுமதிதான் காரணமாக இருந்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்று நீரையும் காட்டையும் காற்றையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், கெடுக்கலாம் என்று விட்டிருக்கும் நாட்டில், வெளிநாட்டு வணிகம் அந்த ஓட்டைக்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர்களைக் கூட்டிவருகிறது. ஓட்டையை ஓரளவு அடைத்த நாட்டில் அதே வணிகம் நல்ல இயந்திரங்களையும் வரும்படியையும் கொண்டுவருகிறது. கீழே உள்ள பதில்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறோம்.

பொருளாதார வல்லுநர்கள் "மூன்று விளைவுகள்" என்கிறார்களே, அவை என்ன?

1991-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் கனடாவும் வணிக உடன்பாடு பேசிக்கொண்டிருந்தபோது, ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார வல்லுநர்கள் பிரபலமாக்கிய பிரிப்பு இது.

முதலாவது அளவு. விற்க உலகச் சந்தை கிடைத்தால் உற்பத்தி கூடும், புகையும் கழிவும் கூடும். இரண்டாவது கலவை. நாடு எதைச் செய்வதில் தேர்ந்ததோ அதை அதிகம் செய்யும்; அது தையல் வேலையாக இருந்தால் ஒரு கதை, செம்பு உருக்குவதாக இருந்தால் வேறு கதை. மூன்றாவது செய்முறை. புது இயந்திரம் வரும். வருமானம் கூடும்போது சட்டம் இறுகும். ஒரு டன் பொருளுக்கு ஆகும் அழுக்கு குறையும்.

2001-ல் ஆன்ட்வைலர், கோப்லண்ட், டெய்லர் மூவரும் நகரங்களின் கந்தக டை ஆக்சைடு அளவீடுகளை வைத்து இந்த மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டார்கள். வணிகத்தால் உற்பத்தியும் வருமானமும் 1% உயர்ந்தால் அந்த வாயுவின் செறிவு சுமார் 1% குறைகிறது என்று வந்தது. தாராள வணிகத்தின் ஆதரவாளர்களுக்கு இது பிடித்தமான முடிவு. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது கந்தக டை ஆக்சைடு. அது புகைபோக்கியிலிருந்து வருவது, பக்கத்திலேயே இருமலை உண்டாக்குவது, அடக்கும் தொழில்நுட்பமும் தெரிந்தது. வகுப்பிலேயே சுலபமாகத் திருந்தும் பையன் அவன்தான்.

நாடு பணக்கார நாடானால் மாசு தானாகக் குறைந்துவிடுமாமே?

"தானாக" என்ற சொல்லை எடுத்துவிட்டால் கொஞ்சம் ஒத்துக்கொள்ளலாம்.

அதே கிராஸ்மன், குரூகர் ஆய்வில், தலைக்கு ஆண்டு வருமானம் 1985-ஆம் ஆண்டு மதிப்பில் 4,000 முதல் 5,000 டாலரைத் தொடும் வரை கந்தக டை ஆக்சைடும் கரும்புகையும் ஏறி, பிறகு இறங்குவதாகத் தெரிந்தது. தலைகீழ் 'ப' போன்ற இந்தக் கோட்டுக்குச் சூழல் குஸ்நெட்ஸ் வளைவு என்று பெயர் வந்தது. சைமன் குஸ்நெட்ஸ் 1955-ல் வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சொன்னதிலிருந்து கடன் வாங்கிய பெயர். சூழலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சீனாவைப் பாருங்கள். 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அடுத்த ஐந்தாண்டில் கந்தக உமிழ்வு கிடுகிடுவென்று ஏறி 2006 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அப்புறம் இறங்கியது. 2010-க்குள் 10% குறைக்க வேண்டும் என்று ஐந்தாண்டுத் திட்டத்திலேயே இலக்கு எழுதினார்கள். அனல் மின் நிலையங்களில் கந்தகத்தைக் கழுவி எடுக்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். இதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. அந்தக் கருவியை ஓட்டுவதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், மின்சாரமும் செலவாகும். ஆகவே தொடக்கத்தில் பல நிலையங்கள் கருவியைப் பொருத்திவிட்டுச் சும்மா நிறுத்தி வைத்திருந்தன. புகைபோக்கியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவி வந்த பிறகுதான் ஒழுங்காக ஓடத் தொடங்கின. அதே காலத்தில் சீனாவின் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டேதான் இருந்தது. அது யாருடைய மூக்கையும் உறுத்துவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காற்று பத்தாண்டில் திரும்பிவிடும். அழிந்த உயிரினமும் வற்றிய ஆழ்நீரும் வளைவு இறங்கும்வரை காத்திருக்காது.

பணக்கார நாடுகளின் அழுக்குத் தொழில்கள் எல்லாம் ஏழை நாடுகளுக்கு ஓடிவந்துவிடுகின்றனவா?

எல்லாம் வருவதில்லை. பெரும்பாலான தொழில்களில் மாசுக்கட்டுப்பாட்டுச் செலவு மொத்தச் செலவில் சிறு பங்குதான். துறைமுகம், மின்சாரம், திறமையான ஆட்கள், மூலப்பொருளின் அருகாமை ஆகியவையே ஆலை எங்கே அமையும் என்பதை முடிவு செய்கின்றன. மெக்சிகோ, வெனிசுவேலா, மொராக்கோ, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளில் எஸ்கெலாண்டும் ஹாரிசனும் செய்த ஆய்வில், வெளிநாட்டு ஆலைகள் உள்நாட்டு ஆலைகளைவிட ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழித்தன. பழைய இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுவருவார்கள் என்ற பயம் பொதுவாகப் பலிக்கவில்லை.

ஆனால் மாசுக்கட்டுப்பாடுதான் முக்கியச் செலவு என்ற சில தொழில்கள் உண்டு. அங்கே பயம் நிஜம். பழைய கார் பேட்டரி நல்ல உதாரணம். பேட்டரியை உடைத்து அமிலத்தை வடித்து, ஈயத் தகடுகளை உலையில் உருக்குவார்கள். ஈயம் ஏறத்தாழ முழுவதும் திரும்பக் கிடைக்கும், நல்ல லாபம். கூடவே கிளம்பும் நுண்தூசி தொழிலாளியின் சட்டையில் ஒட்டி வீடுவரை வரும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2008-ல் அமெரிக்கா காற்றில் ஈயத்தின் வரம்பை ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15 ஆக, அதாவது பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அதன்பின் பழைய பேட்டரிகள் எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போவது மளமளவென்று கூடியது. மெக்சிகோவின் உருக்காலைகளுக்கு அருகே எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் கூடியதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்கக் காற்று சுத்தமானது உண்மை. அதன் ஒரு பகுதியை மெக்சிகோக் குழந்தைகள் சுமந்தார்கள் என்பதும் உண்மை.

ஆலைகளை விடுங்கள். காடு, மீன், நிலத்தடி நீர் என்ன ஆகின்றன?

என்னைக் கேட்டால் உண்மையான ஆபத்து இங்கேதான். வளரும் நாடுகள் பலவும் விற்பது மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுப்பதை. அங்கே மூன்று விளைவுக் கணக்கு அவ்வளவாக உதவாது.

ஒரு பழைய கதை. 1870-களில் அமெரிக்கா ஐரோப்பாவுக்கு மூலப்பொருள் அனுப்பும் நாடாகத்தான் இருந்தது. அதன் சமவெளிகளில் காட்டெருமைகள் பல லட்சக்கணக்கில் மேய்ந்தன. அவற்றின் தடித்த தோலைப் பதப்படுத்தும் வித்தை அங்கே யாருக்கும் சரியாகக் கைவரவில்லை. 1871 வாக்கில் இங்கிலாந்து, ஜெர்மனித் தோல் பதனிடுவோர் அந்த வித்தையைக் கண்டுபிடித்தார்கள். காலணி அடித்தோலுக்கும் இயந்திர வார்களுக்கும் அருமையான தோல். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மந்தைகள் தீர்ந்தன. 1880-களின் கடைசியில் சில நூறு விலங்குகளே மிஞ்சின.

மேலே சொன்ன மூவரில் ஒருவரான டெய்லர் இந்த வரலாற்றை ஆராய்ந்தபோது கவனித்த நுட்பம் ஒன்று உண்டு. உள்ளூர்ச் சந்தையில் விற்றிருந்தால், தோல் குவியக் குவிய விலை சரிந்து வேட்டைக்காரன் ஒருகட்டத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்திருப்பான். உலகத் தோல் சந்தையில் காட்டெருமைத் தோல் ஒரு துளி. எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் விலை அசையவில்லை. எருமைக்கு உரிமையாளரும் இல்லை. இன்று நீ சுடாவிட்டால் நாளை பக்கத்திலிருப்பவன் சுடுவான். விலை என்ற பிரேக்கும் இல்லை, வேலியும் இல்லை.

ஆண்டையும் பொருளையும் மாற்றினால் இதே கதை வெவ்வேறு கரைகளில் நடப்பதைப் பார்க்கலாம். ஈக்குவடோரிலும் தாய்லாந்திலும் ஏற்றுமதி இறால் பண்ணைகளுக்காக அலையாத்திக் காடுகள் வெட்டப்பட்டன. அரசுக்குச் சொந்தமானது என்று ஏட்டில் இருந்தாலும், அந்தக் காட்டை யாரும் காக்கவில்லை. தைவானில் 1980-களின் கடைசியில் நோய் வந்து இறால் வளர்ப்பே சரிந்தது. அதற்கப்புறம் தொழில் வேறு கரைகளைத் தேடிப் போனது. பெருவில் இக்கா என்ற பள்ளத்தாக்கு, மழை என்பதே அபூர்வமான பாலைவனம். 1990-கள் முதல் அங்கே அஸ்பாரகஸ் என்ற தண்டுக்காய் ஏற்றுமதிக்காகப் பயிராகிறது. வேலைவாய்ப்பு பெருகியது, வறுமை குறைந்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் நீரெல்லாம் ஆழ்குழாயிலிருந்து வருவது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழமாகத் தோண்டப் பணமுள்ள பெரிய பண்ணை தோண்டியது. பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு காய்ந்தது. பெட்டியில் அடுக்கி விமானத்தில் போவது காய். கணக்கில் வராமல் போவது தண்ணீர்.

அப்படியானால் கதவை மூடி வைப்பதுதானே பாதுகாப்பு?

கதவை மூடி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் சந்திக்கும் எல்லைப் பகுதிக்குக் "கறுப்பு முக்கோணம்" என்றே பெயர். மேற்குச் சந்தையோடு பெரிய போட்டி இல்லை, எரிபொருளுக்கு உண்மை விலை இல்லை, குறை சொல்லச் சுதந்திரப் பத்திரிகை இல்லை. பழுப்பு நிலக்கரி எரித்த மின் நிலையங்களின் கந்தகத்தில் மலைச்சரிவுகளின் ஊசியிலை மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. 1990-க்குப் பிறகு பழைய ஆலைகள் போட்டியில் மூடப்பட்டும், மீதமுள்ளவற்றில் வடிகட்டிகள் பொருத்தப்பட்டும்தான் காற்று தெளிந்தது. மூடிய பொருளாதாரம் பாதுகாப்பது பழைய இயந்திரத்தை.

வெளிநாட்டுக் குப்பை வந்து சேர்வதும் "வணிகம்"தானா?

சுங்க ஏட்டில் வணிகம்தான். 1988-ல் நைஜீரியாவின் கோக்கோ என்ற சிறு துறைமுக ஊரில், ஒருவருடைய வளவைச் சொற்ப வாடகைக்குப் பிடித்து, இத்தாலியிலிருந்து வந்த நச்சுக்கழிவுப் பீப்பாய்களை ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தார்கள். இதுபோன்ற சம்பவங்களின் சூட்டில்தான் 1989-ல் பாசெல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-ல் நடைமுறைக்கு வந்தது. பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறாமல் ஆபத்தான கழிவை அனுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை. பணக்கார நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்கு அனுப்புவதையே தடை செய்யும் திருத்தம் 1995-ல் ஏற்கப்பட்டது. அமலுக்கு வந்தது 2019-ல். 24 ஆண்டுகள்!

பிளாஸ்டிக்கில் பாடம் வேறு. உலகின் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியில் பெரும் பங்கை வாங்கிக்கொண்டிருந்த சீனா 2018 தொடக்கத்தில் கதவை அடைத்தது. கழிவு குறைந்துவிடவில்லை, மலேசியா, வியட்நாம், தாய்லாந்து பக்கம் கப்பல்கள் திரும்பின. 2021 முதல் கலப்படமான பிளாஸ்டிக் கழிவுக்கும், 2025 முதல் எல்லா மின்னணுக் கழிவுக்கும் முன் ஒப்புதல் கட்டாயம். இன்னும் உள்ள ஓட்டை பெயர்ச்சீட்டுதான்: கழிவு என்று எழுதாமல் "பயன்படுத்திய பொருள்" என்று எழுதிவிட்டால் வேறு வரிசையில் நிற்கலாம்.

இறக்குமதியால் சூழலுக்கு நன்மையே இல்லையா?

தாராளமாக உண்டு. சூரிய மின்தகட்டின் விலை 2010-லிருந்து 2020-க்குள் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளட்டும் என்றிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். நீரின் தரத்தை அளக்கும் கருவி, வடிகட்டும் சவ்வு, சிக்கன மோட்டார் இவற்றுக்கு உயர்ந்த சுங்க வரி போடும் நாடு தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறது.

ஆனால் அதே துறைமுகத்தில் பழைய காரும் இறங்குகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 அறிக்கைப்படி, 2015 முதல் 2018 வரை 1.4 கோடி பழைய சிறு வாகனங்கள் ஏற்றுமதியாயின. சுமார் 80% போனது ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு. புகை வடிகட்டி கழற்றி விற்கப்பட்ட வண்டிகளும் அதில் உண்டு. இதைத் தடுக்கப் பெரிய தத்துவம் வேண்டாம். வண்டியின் வயதுக்கும் புகைக்கும் வரம்பு வைத்து, துறைமுகத்திலேயே சோதித்தால் போதும்.

கப்பல் போக்குவரத்தின் மாசு?

உலகப் பசுங்குடில் வாயுவில் சுமார் 3%. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்தக் கப்பலைவிடச் சிக்கனமான வழி குறைவு, விமானம்தான் மோசம். 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்ததில் துறைமுக ஊர்களுக்கு மூச்சு வந்தது.

பலரும் மறப்பது சரக்கோடு வரும் பூச்சிகளை. மத்திய அமெரிக்காவின் தானியத் துளைப்பான் வண்டு 1970-களின் கடைசியில் தான்சானியாவுக்குள் நுழைந்து, ஆப்பிரிக்காவின் மக்காச்சோளச் சேமிப்பைப் பொடியாக்கியது. சரக்கு ஏற்றும் மரப்பலகையை எப்போதாவது உற்றுப் பாருங்கள்: கதிர் வடிவ முத்திரையும் "HT" (எச்.டி.) என்ற எழுத்தும் சூடுபோட்டிருக்கும். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் புழுவைக் கொன்றதற்கு அத்தாட்சி அது.

சூழலுக்காகச் சட்டம் போட்டால் உலக வர்த்தக அமைப்பு தடுத்துவிடுமா?

பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. இந்த அமைப்புக்கு முன்னோடியான 1947 காட் வணிக ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு, உயிர்களைக் காக்கவும் தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைப் பேணவும் விதிவிலக்கு தருகிறது. பாகுபாடு கூடாது என்பதே நிபந்தனை.

இறால்–ஆமை வழக்கு இதற்குக் கண்ணாடி. ஆமை தப்பிக்க வழிவிடும் கம்பிச்சட்டம் வலையில் இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குப் போட்டன. 1998-ல் அமெரிக்கா தோற்றது. ஆமையைக் காப்பது தவறு என்பதால் அல்ல. கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தந்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் தந்ததால். அமெரிக்கா அதைச் சரிசெய்த பிறகு, 2001-ல் மலேசியா மீண்டும் கேட்டபோது தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்: முதலீட்டு உடன்பாடுகளில். அவற்றின்படி ஒரு நிறுவனம் நேரடியாக நாட்டின் மீதே நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். எல் சால்வடோர் குடிநீரை எண்ணித் தங்கச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்ததற்கு 2009-ல் வழக்கு வந்தது. 2016-ல் நாடு வென்றது, சரி. ஆனால் ஏழாண்டு வழக்குச் செலவு ஒரு சிறிய நாட்டுக்கு என்ன சொல்லும்? அடுத்த அனுமதியை மறுக்கும் முன் அமைச்சர் இருமுறை யோசிப்பார்.

ஐரோப்பாவின் கார்பன் வரி, காடழிப்பு விதி போன்றவை பாதுகாப்பா, மறைமுகத் தடுப்பா?

இரண்டும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கான எல்லைக் கார்பன் கட்டணம் (பொருளைச் செய்கையில் வெளியான கார்பனுக்கு இறக்குமதியின்போது விதிப்பது) 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டமாகத் தொடங்கி, 2026 முதல் இறக்குமதியாகும் சரக்குக்குக் கட்டணம் பொருந்தும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. பெரிய உருக்காலை சமாளித்துவிடும். உமிழ்வை அளந்து எழுதவே ஆள் இல்லாத சிறு வார்ப்பாலை என்ன செய்யும்? வசூலாகும் பணம் ஐரோப்பாவிலேயே தங்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காடழிப்பு விதி இன்னும் நுணுக்கமானது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி, கோகோ, ரப்பர், சோயா, பாமாயில், மாட்டிறைச்சி, மரம் ஐரோப்பாவில் நுழையக் கூடாது. தோட்டத்தின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும். 2023-ல் நிறைவேறி, அமலாகும் தேதி தள்ளிப்போனது. வாங்குபவரின் அழுத்தம் பலிக்கும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2006-ல் பிரேசிலின் சோயா வணிகர்கள், அமேசானில் புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பின், அங்கே சோயாவுக்காக நேரடியாகக் காடு வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. பக்கத்தில் உள்ள செராடோ புல்வெளிக் காடு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே வெட்டு தொடர்ந்தது.

திறக்கப்போகும் நாடு முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஏற்றுமதி மண்டலத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் ஆழ்குழாய்களுக்கு மீட்டர் போடுங்கள். எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் தரும் மானியம் உண்மையில் புகைக்குத் தரும் மானியம், அதைக் குறையுங்கள். காட்டை நம்பி வாழும் மக்களுக்கு அதன் மீது சட்ட உரிமை கொடுங்கள். வேலி என்பது பெரும்பாலும் அதுதான்.

இன்ஸ்பெக்டர் பட்டாளம் இல்லையே என்பார்கள். இந்தோனேசியாவிலும் இல்லை. 1995-ல் அங்கே ஆலைகளுக்கு நிறம் கொடுக்கத் தொடங்கினார்கள்: தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நல்ல நிறம் பெற்றவர்களை உடனே அறிவித்தார்கள். சிவப்புக்காரர்களையும் கறுப்புக்காரர்களையும் தனியே அழைத்து, பெயரை வெளியிடுவதற்கு முன் ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே சில ஆலைகள் ஒரு படி மேலேறிவிட்டன. 1998 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோன அந்தத் திட்டம் 2002-ல் மறுபடியும் தொடங்கியது.